இரண்டே சுரங்களில் ஒரு ஊரின் மணியோசை: 400 ஆண்டுகள் கழித்தும் வில்லியம் பேர்டின் ‘தி பெல்ஸ்’ ஏன் கேட்க வேண்டிய இசை?

ஓயாமல் மணி ஒலித்துக்கொண்டிருந்த நாடு, மணியடித்து வழிபட முடியாத ஒரு இசையமைப்பாளர், அவர் எழுதிய சில நிமிட இசை. இதன் பின்னணி என்ன?

“மணி என்ன?”

ஒரு நாளைக்கு எத்தனை முறை இதைக் கேட்கிறோம்! கேட்பது நேரத்தை. ஆனால் வாயில் வருவதோ ஒரு வெண்கலப் பொருளின் பெயர். மணியடித்து நேரம் சொன்ன காலம் போய்விட்டது, வார்த்தை மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘கிளாக்’ என்ற சொல்லே, மணியைக் குறிக்கும் ‘க்ளோக்கா’ என்ற இடைக்கால லத்தீன் சொல்லோடு உறவுடையது.

ஒரு காலத்தில் மணியோசைதான் ஊரின் கடிகாரம், அலாரம், பிரேக்கிங் நியூஸ் எல்லாமே. யாராவது இறந்தால் மணி, கல்யாணம் என்றால் மணி, தீப்பிடித்தால் மணி, போரில் ஜெயித்தால் மணி. நம் போனில் நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்துவிடலாம். தேவாலயக் கோபுரத்து மணியை யாராலும் மியூட் செய்ய முடியாது.

அப்படி ஊரே கேட்டுக்கொண்டிருந்த அந்த ஓசையை, மேஜை மேல் வைக்கும் ஒரு சின்ன இசைக்கருவிக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் பேர்ட். 16-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மிகப் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். அவர் எழுதிய ‘தி பெல்ஸ்’ என்ற இசைக்கோவைக்கு அடித்தளம் இரண்டே இரண்டு சுரங்கள்தான். அந்த இரண்டை வைத்து அவர் என்ன செய்தார், ஏன் அது இன்றும் வாசிக்கப்படுகிறது என்று பார்க்கலாம்.

யார் இந்த வில்லியம் பேர்ட்?

பேர்ட் பிறந்தது சுமார் 1540-ல். இறந்தது 1623 ஜூலை 4. எட்டாம் ஹென்றியின் கடைசிக் காலத்தில் தொடங்கி முதலாம் ஜேம்ஸ் வரை, 5 ஆட்சிகளைப் பார்த்த மனிதர். ஷேக்ஸ்பியருக்கு முன் பிறந்து, ஷேக்ஸ்பியர் இறந்த பிறகும் 7 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்றால் சட்டென்று புரியும்.

1563-ல் லிங்கன் கதீட்ரலில் ஆர்கன் வாசிப்பவராக வேலைக்குச் சேர்ந்தார். 1572-ல் அரசியின் சொந்த வழிபாட்டு இசைக்குழுவான சேப்பல் ராயலில் இடம் கிடைத்தது. அந்தக் காலத்து இசைக்கலைஞருக்கு அதைவிடப் பெரிய வேலை இங்கிலாந்தில் இல்லை. 1575-ல் அரசி முதலாம் எலிசபெத், பேர்டுக்கும் மூத்த இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸுக்கும் சேர்த்து ஒரு சலுகை கொடுத்தார். 21 ஆண்டுகளுக்கு இங்கிலாந்தில் இசை நூல்களை அச்சிட்டு விற்கும் உரிமை இவர்களுக்கு மட்டுமே. இன்றைய பாஷையில் சொன்னால், செம மோனோபோலி.

அரசியின் ஆதரவு, பெரிய வேலை, அச்சுரிமை என எல்லாம் இருந்தும் அவருடைய வாழ்க்கையில் ஒரு பெரிய சிக்கலும் இருந்தது. புராட்டஸ்டன்ட் அரசின் கீழ் வேலை பார்த்த பேர்ட், தனிப்பட்ட நம்பிக்கையில் கத்தோலிக்கர். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணியோசையைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

மணியோசையில் மிதந்த நாடு

பேர்டின் இங்கிலாந்தில் மணி என்பது எவ்வளவு பெரிய விஷயம்? 1598-ல் அங்கு வந்துபோன பால் ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மானியப் பயணி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்துக்காரர்களுக்குப் பெரிய சத்தம் என்றால் கொள்ளைப் பிரியம் என்கிறார் அவர். பீரங்கி, முரசு, மணி எதுவானாலும் சரி. லண்டனில் சிலர் கொஞ்சம் ‘ஏற்றிக்கொண்டு’ கோபுரத்தில் ஏறி, உடற்பயிற்சி மாதிரி மணிக்கணக்கில் மணியடிப்பார்களாம்.

அரசாங்கமும் மணியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. எலிசபெத் அரியணை ஏறிய நவம்பர் 17, ஆண்டுதோறும் மணியடித்துக் கொண்டாடும் நாளாக மாறியது. அன்று மணியடித்தவர்களுக்குக் கொடுத்த கூலியும், வாங்கிக் கொடுத்த ரொட்டியும் பீரும் பல தேவாலயக் கணக்குப் புத்தகங்களில் செலவாக எழுதப்பட்டிருக்கின்றன.

தினசரி வாழ்க்கையிலும் மணிதான் கட்டளை. செய்திகளில் அடிக்கடி பார்க்கும் ‘கர்ஃப்யூ’ என்ற சொல்லே மணியோடு தொடர்புடையதுதான். ‘நெருப்பை மூடு’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது. இரவில் ஒரு மணி அடிக்கும். அடுப்பு நெருப்பைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுக்கப் போக வேண்டும். மர வீடுகள் நெருக்கியடித்து நின்ற ஊர்களில் அது உயிர் காக்கும் ஏற்பாடு. ஊரடங்கு என்ற அர்த்தம் அதிலிருந்து வளர்ந்தது.

ஆக, பேர்ட் மணியை வைத்து இசை எழுதினார் என்றால், தன் காலத்தின் மிகப் பெரிய பொது ஊடகத்தையே கையில் எடுத்தார் என்று அர்த்தம்.

ஒரு மணியை அடித்தால் எத்தனை சத்தம்?

இங்கே கொஞ்சம் அறிவியல். இதைத் தெரிந்துகொண்டால்தான் பேர்ட் எதிர்கொண்ட சவால் புரியும்.

வீணைக் கம்பியை மீட்டினாலும் புல்லாங்குழலை ஊதினாலும் முக்கிய சுரத்தோடு சேர்த்து மெல்லிய துணை ஒலிகள் பிறக்கும். அவை ஒன்றுக்கொன்று ஒழுங்கான கணக்கில் அமைந்திருப்பதால், காது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுரமாக எடுத்துக்கொள்கிறது. மணி அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. நாக்கு வந்து மோதியதும் அந்த வெண்கல உடம்பு முழுவதும் பல விதங்களில் ஒரே நேரத்தில் அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு தனி ஒலி.

அடியில் ‘ஹம்’ எனப்படும் தாழ்ந்த முனகல், நடுவில் முக்கிய ஒலி, அதற்கு மேல் வேறு சில ஒலிகள். தேவாலய மணிகளில் பொதுவாக ஒரு ‘மைனர் தேர்டு’ ஒலியும் கலந்திருக்கும். மேற்கத்திய இசையில் சோகத்தோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் இடைவெளி அது. கொண்டாட்டத்துக்கு அடிக்கிற மணியிலும் லேசான ஏக்கம் தொனிப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு.

இன்னொரு ஆச்சரியம். மணியடித்த உடனே நம் காது ‘இதுதான் இந்த மணியின் சுரம்’ என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பல நேரங்களில் அந்தச் சுரத்தில் அதிர்வு எதுவும் தனியாக இருப்பதே இல்லை. மேலே உள்ள ஒலிகளைச் சேர்த்து மூளையே அதை உண்டாக்கிக்கொள்கிறது!

இதோடு நேரக் கணக்கும் சேர்கிறது. அடித்த மணி உடனே அடங்காது. முதல் மணியின் ரீங்காரம் முடிவதற்குள் இரண்டாவது மணி, அது அடங்குவதற்குள் மூன்றாவது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒலி படிந்துகொண்டே போகும். கோபுரத்துக்குக் கீழே நிற்பவருக்குத் தனித்தனி அடிகள் கேட்கும். ஒரு மைல் தள்ளி நிற்பவருக்கு எல்லாம் குழைந்து ஒரே அலையாகக் கேட்கும்.

இதை ஒரு சின்னப் பெட்டியில் எப்படிக் கொண்டுவருவது?

வெர்ஜினல் என்ற கருவியின் பிரச்னை

பேர்டின் காலத்தில் பியானோ கிடையாது. வசதியான வீடுகளில் இருந்தது ‘வெர்ஜினல்’. ஹார்ப்சிகார்டின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வெர்ஜினல்கள் மேஜை மேல் வைக்கக்கூடிய நீள்சதுரப் பெட்டிகள். முதலாம் எலிசபெத்தே இதை வாசிப்பதில் கெட்டிக்காரர்.

இது வேலை செய்யும் விதம் ரொம்ப சிம்பிள். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன மரத்துண்டு மேலே எழும்பும். அதில் செருகியிருக்கும் பறவை இறகின் தண்டு கம்பியைச் சுண்டும். விரலை எடுத்தால் மரத்துண்டு கீழே இறங்கும், அதில் இருக்கும் துணி கம்பியைத் தொட்டு ஒலியை நிறுத்தும்.

பிரச்னை இங்கேதான். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கிக் குத்தினாலும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தம்தான் வரும். வால்யூம் பட்டன் இல்லாத கருவி. சுண்டிய ஒலியும் சீக்கிரமே தேய்ந்துவிடும். தூரத்தில் மெலிதாகத் தொடங்கிப் பெரிதாக வளர்ந்து, காற்றில் நீண்ட நேரம் தொங்கும் மணியோசைக்கு நேர் எதிரான குணம்.

சத்தத்தைக் கூட்ட முடியாது என்றால் வேறு என்ன கூட்டலாம்? சுரங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். வேகத்தைக் கூட்டலாம். கீழ்ஸ்தாயியிலிருந்து மேல்ஸ்தாயிக்கு ஒலியைப் பரப்பலாம். ஒரு விரல் எடுக்கப்படும் முன்பே அடுத்த விரலை இறக்கி, சுரங்களை ஒன்றின் மேல் ஒன்று படியவைக்கலாம். பேர்ட் இவை எல்லாவற்றையும் செய்தார்.

‘லூப்’ போட்டது 400 வருஷம் முன்னாடியே!

இப்போது இசைக்கு வருவோம்.

இன்று லேப்டாப்பில் இசை அமைப்பவர்கள் முதலில் ஒரு லூப் போடுவார்கள். சில விநாடி பேஸ் லைன் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும், அதன் மேல் ஒவ்வொரு லேயராகச் சேர்ப்பார்கள். இந்த உத்தி புதிதே இல்லை. பேர்டின் காலத்தில் இதற்கு ‘கிரவுண்ட்’ என்று பெயர். தரை, அடித்தளம் என்று அர்த்தம். கீழே ஒரே வரி மாறாமல் திரும்பத் திரும்ப வரும். மேலே எல்லாம் மாறிக்கொண்டே போகும்.

இசையமைப்பாளருக்கு மேலே இடம் கிடைக்க வேண்டும் என்றால், கிரவுண்டில் சில சுரங்களாவது இருந்தால்தான் வசதி. ‘தி பெல்ஸ்’ இசைக்கோவையில் பேர்ட் எடுத்துக்கொண்டது இரண்டே சுரங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு. நமக்குப் பழகிய பெயரில் சொன்னால் ‘ஸ’, ‘ரி’ மாதிரி. ஸ... ரி... ஸ... ரி... அவ்வளவுதான். இரண்டு மணிகள் மாறி மாறி அடிப்பதுபோல.

யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு சுரங்களும் ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் போய்வருவதை நிறுத்தப் போவதில்லை. அதன் மேல் என்ன எழுதினாலும் அந்த ஆட்டத்துக்கு ஒத்துப்போக வேண்டும். சாதாரண இசையமைப்பாளர் கையில் இது ஒரே நிமிடத்தில் போரடித்துவிடும். பேர்டின் இசை, வாசிப்பவரின் வேகத்தைப் பொறுத்து, 5 முதல் 7 நிமிடம் வரை போகிறது. இருந்தும் சலிப்பதில்லை.

தொடக்கத்தில் கீழ்ஸ்தாயியில் கனமான சில சுரங்கள் மட்டும் கேட்கும். பெரிய மணி ஒன்று மெல்ல அசையத் தொடங்குவதுபோல. அவசரமே இல்லை. பிறகு மேலே சின்ன மணிகள் சேர்ந்துகொள்கின்றன. மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும் சுர வரிசைகள் வருகின்றன. ஒரு கை ஆரம்பித்ததை இன்னொரு கை வாங்கிக்கொள்கிறது. ஒரு கோபுரத்துக்குப் பக்கத்துக் கோபுரம் பதில் சொல்வதுபோல இருக்கும்.

பகுதி பகுதியாக இசை அடர்த்தியாகிக்கொண்டே போகிறது. போகப் போக விரல்கள் ஓடும் வேகச் சுரங்கள். தனித்தனி அடிகளைப் பிரித்துக் கேட்க முடியாத அளவுக்கு ஒலி நிரம்பிவிடும். கருவியின் சத்தம் ஒரு துளியும் கூடவில்லை. ஆனால் கேட்பவருக்கோ கோபுரத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்துவிட்ட உணர்வு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பேர்ட் ஒரு மணியின் சத்தத்தை அப்படியே காப்பி அடிக்க முயலவில்லை. இறகால் சுண்டும் கம்பியில் அது வராது என்று அவருக்குத் தெரியும். மணியோசை காதில் படியும் விதத்தை எழுதினார். அடி, அதிர்வு, அடங்குவதற்குள் அடுத்த அடி, மெல்ல நிரம்பும் காற்று. மிமிக்ரிக்கும் இசைக்கும் உள்ள தூரம் இதுதான்.

சத்தங்களை இசையாக்குவது அந்தக் காலத்தின் டிரெண்டும்கூட. பிரான்ஸில் கிளெமென்ட் ஜானெகின் பறவைகளின் ஒலி, போர்க்களச் சத்தம், பாரிஸ் தெருவியாபாரிகளின் கூவல் எல்லாவற்றையும் வாய்ப்பாட்டாக எழுதியிருந்தார். பேர்டே ‘தி பேட்டில்’ என்ற இசைத்தொகுப்பில் எக்காளம், பேக்பைப், முரசு எல்லாவற்றையும் விசைப்பலகையில் கொண்டுவந்திருக்கிறார். இது இடம்பெற்றுள்ள ‘மை லேடி நெவெல்ஸ் புக்’ என்ற அழகான கையெழுத்துப் பிரதி 1591-ல் எழுதி முடிக்கப்பட்டது.

மணி யாருக்குச் சொந்தம்?

இப்போது அந்தக் கத்தோலிக்க விஷயத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தின் மதச் சீர்திருத்தம் மணியோசையையும் விட்டுவைக்கவில்லை. எட்டாம் ஹென்றி 1536-க்கும் 1540-க்கும் இடையில் மடங்களைக் கலைத்தபோது, அவற்றின் மணிகள் பல இறக்கப்பட்டு உலோகமாக விற்கப்பட்டன. கூரையிலிருந்த ஈயத்தைப் போலவே மணியின் வெண்கலத்துக்கும் நல்ல விலை. பேர்ட் பிறந்தது சரியாக அந்தக் காலகட்டம்.

தப்பிய மணிகளின் அர்த்தம் மாறியது. முன்பெல்லாம் அனைத்துப் புனிதர் திருநாளின் இரவில், இறந்தவர்களின் ஆன்மாக்களுக்காக விடிய விடிய மணியடிப்பார்கள். மணியோசை ஆன்மாவுக்கு உதவும் என்பது நம்பிக்கை. புதிய மத அதிகாரம் இதை மூடநம்பிக்கை என்று தடுத்தது. மரணத்துக்கு இத்தனை அடிதான் என்று கட்டுப்பாடு வந்தது. அதே நேரத்தில் அரசியின் நாளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடிக்கலாம். கோபுரம் அதே, கயிறு அதே, வெண்கலமும் அதே. மணி யாருக்காகப் பேச வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் மட்டும் மாறிவிட்டார்கள்.

கத்தோலிக்கர்களுக்கு நெருக்கடி கூடிக்கொண்டே போனது. அரசு தேவாலயத்துக்கு வராதவர்களுக்கான அபராதம், 1581 சட்டத்தின்படி மாதம் 20 பவுண்டு. சாதாரணக் குடும்பத்தால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத தொகை. பேர்டின் மனைவி ஜூலியன் 1577-லிருந்தே தேவாலயத்துக்கு வராதவர்கள் பட்டியலில் இருந்தார். பின்னர் பேர்டின் பெயரும் சேர்ந்தது. அரசியின் ஆதரவும் செல்வாக்குள்ள நண்பர்களும் இல்லாவிட்டால் அவர் தப்பித்திருப்பது கஷ்டம்.

அவருடைய நிலைமை எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு ஓர் உதாரணம். 1588-ல் கத்தோலிக்க ஸ்பெயினின் ஆர்மடா கடற்படையை இங்கிலாந்து வென்றது. அந்த வெற்றிக்கு நன்றி சொல்லி எலிசபெத் எழுதிய வரிகளுக்கு இசையமைத்தவர் யார் தெரியுமா? கத்தோலிக்கரான வில்லியம் பேர்ட்!

1590-களின் தொடக்கத்தில் அவர் லண்டன் பக்கத்திலிருந்து எஸெக்ஸில் உள்ள ஸ்டான்டன் மாஸி என்ற கிராமத்துக்குக் குடிபோனார். கத்தோலிக்கப் பிரபுக்களான பெட்ரி குடும்பம் அருகில் இருந்தது. அந்த மாதிரி வீடுகளில், கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாக நடந்த வழிபாடுகளுக்காக அவர் மூன்று ‘மாஸ்’ இசைக்கோவைகளை எழுதினார். 1605-ல் அவருடைய ‘கிராடுவாலியா’ நூலை வைத்திருந்த ஒருவர் கைது செய்யப்பட்டார். இசைப் புத்தகத்துக்காக ஜெயில்!

இந்தப் பின்னணியில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ரகசிய வழிபாட்டுக்கு ஊரைக் கூப்பிடக் கோபுரத்தில் மணியடிக்க முடியுமா? முடியாது. ஊரில் ஒலித்த ஒவ்வொரு மணியும் அரசின் மணி. பேர்டுக்கும் அவருடைய மக்களுக்கும் அடித்துக்கொள்ள ஒரு கோபுர மணி இல்லை.

அதற்காக ‘தி பெல்ஸ்’ ஓர் எதிர்ப்பு இசை என்று சொல்லிவிட முடியாது. அப்படி நினைத்து எழுதினார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இது கல்யாண மணியா, சாவு மணியா, அரசியின் வெற்றி மணியா என்பதற்கும் தலைப்பில் துப்பு இல்லை. வெறும் ‘மணிகள்’. அதுவே இதன் அழகும். எல்லா மணியும் ஏதோ ஒரு கட்டளையைச் சுமந்துகொண்டிருந்த நாட்டில், எந்தக் கட்டளையும் இல்லாத மணியோசையாக இது ஒலிக்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், விரல்களால் அடித்துக்கொள்ளும் மணி.

இது நம்மை எப்படி வந்து சேர்ந்தது?

பேர்டின் வாழ்நாளில் இது அச்சாகவில்லை. கையால் எழுதப்பட்ட ஒரு பெரிய தொகுப்புதான் இதைக் காப்பாற்றியது. அதன் இன்றைய பெயர் ‘ஃபிட்ஸ்வில்லியம் வெர்ஜினல் புக்’. கிட்டத்தட்ட 300 இசைக்கோவைகள் கொண்ட இந்தத் தொகுப்பு இல்லாவிட்டால், அந்தக் கால இங்கிலாந்தின் விசைப்பலகை இசையில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்தே இருக்காது.

இதை எழுதியவர் யார் என்பதிலும் ஒரு கதை உண்டு. பிரான்சிஸ் ட்ரெஜியன் என்ற கத்தோலிக்கர், லண்டனின் ஃப்ளீட் சிறையில் இருந்தபோது உட்கார்ந்து எழுதியது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் சிலர் காகிதத்தையும் கையெழுத்தையும் ஆராய்ந்து இதைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ‘எலிசபெத் அரசியின் வெர்ஜினல் புத்தகம்’ என்றும் தவறாக அழைத்தார்கள். அரசி இறந்த பிறகு எழுதப்பட்ட இசையும் இதில் இருப்பதால் அந்தப் பெயர் நிற்கவில்லை.

1816-ல் ஃபிட்ஸ்வில்லியம் பிரபு தன் சேகரிப்பு முழுவதையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்துவிட்டு இறந்தார். கையெழுத்துப் பிரதி இன்றும் அங்குள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபுல்லர் மைட்லண்ட், பார்க்லே ஸ்கொயர் ஆகிய இருவர் பதிப்பித்த அச்சு வடிவம் 1899-ல் முழுமையாக வந்தது. அதன் பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது.

பேர்ட் இறந்து 300 ஆண்டுகள் ஆன 1923-ல் இன்னொரு திருப்பம். ஆங்கிலேய இசையமைப்பாளர் கார்டன் ஜேக்கப், பேர்டின் 6 இசைக்கோவைகளை எடுத்து பேண்ட் வாத்தியக் குழுவுக்காக ‘வில்லியம் பேர்ட் சூட்’ என்று மாற்றி எழுதினார். அதன் கடைசிப் பகுதி ‘தி பெல்ஸ்’. வால்யூம் பட்டனே இல்லாத வெர்ஜினலுக்கு எழுதியது, ட்ரம்பெட், ட்ராம்போன், டிரம்ஸோடு முழங்கியது. உலகின் பல பேண்ட் குழுக்கள் இன்றும் இதை வாசிக்கின்றன.

கோபுரத்தில் நடந்த கணக்கு

பேர்டின் கடைசிக் காலத்தில் கோபுரங்களிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. மணியைச் சக்கரத்தில் பொருத்தி, வாய் மேலே பார்க்கும்படி நிறுத்தி, ஒவ்வோர் இழுப்புக்கும் முழுச் சுற்று சுற்றவைக்கும் முறை மெல்ல வளர்ந்தது. மணி சுற்றிவரச் சுமார் 2 விநாடி ஆகும். அவ்வளவு எடையை நினைத்த நேரத்தில் நிறுத்தவோ முடுக்கவோ முடியாது. அதனால் பாட்டு வாசிக்க முடியாது. முடிந்தது ஒன்றே ஒன்றுதான். மணிகள் அடிக்கும் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மாற்றுவது.

இதிலிருந்து ‘சேஞ்ச் ரிங்கிங்’ என்ற கலை பிறந்தது. 6 மணிகளை 720 வரிசைகளில் அடிக்கலாம். 7 மணி என்றால் 5,040. 8 என்றால் 40,320. ஸ்கூலில் படித்த பெர்முட்டேஷன் கணக்குதான். 1963-ல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் ஒரு குழு 8 மணிகளின் 40,320 வரிசைகளையும் ஒன்றுவிடாமல் அடித்து முடித்தது. எடுத்துக்கொண்ட நேரம் 17 மணி 58 நிமிடம்!

கொஞ்சம் சுரம், எக்கச்சக்கமான மாற்றம். பேர்ட் விசைப்பலகையில் செய்ததும் இந்த மனநிலையின் சொந்தக்காரர்தான்.

1623-லேயே இன்னொரு மணியோசை

பேர்ட் இறந்த அதே 1623-ன் குளிர்காலத்தில், லண்டன் செயின்ட் பால் கதீட்ரலின் தலைமைக் குரு ஜான் டன் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். வெளியே யாரோ இறந்துகொண்டிருப்பதைச் சொல்லும் மணி கேட்டது. அந்த மணி யாருக்காக என்று படுக்கையில் கிடந்தபடி யோசித்தவர், அடுத்தவரின் மரணம் தன்னையும் குறைக்கிறது என்ற எண்ணத்துக்கு வந்து சேர்ந்தார். 1624-ல் வெளியான அவருடைய அந்த நூலிலிருந்துதான் எர்னெஸ்ட் ஹெமிங்வே 1940-ல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் தலைப்பு வந்தது.

டன் பிறந்ததும் கத்தோலிக்கக் குடும்பத்தில். ஒரு பாதிரியாரை ஒளித்துவைத்ததற்காகப் பிடிபட்ட அவருடைய தம்பி ஹென்றி, 1593-ல் சிறையிலேயே நோய் வந்து இறந்தார். டன் பின்னர் அரசு திருச்சபைக்கு மாறினார். பேர்ட் மாறவில்லை. 1622-ல் எழுதிய உயிலிலும் கத்தோலிக்கராகவே வாழ்ந்து சாக விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர் இறந்தபோது, புராட்டஸ்டன்ட் அரசரின் சேப்பல் ராயல் தன் பதிவேட்டில் அவரை ‘இசையின் தந்தை’ என்று குறித்துவைத்தது.

வெவ்வேறு வழியில் போன இரண்டு பேர். இருவருமே தங்கள் காலத்தின் மணியைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள். ஒருவர் அதை வார்த்தையாக்கினார், இன்னொருவர் இரண்டு சுரங்களாக்கினார்.

எப்படிக் கேட்பது?

யூடியூபிலோ ஸ்ட்ரீமிங் ஆப்பிலோ ‘பேர்ட்’, ‘தி பெல்ஸ்’ என்று தேடினால் பல பதிவுகள் கிடைக்கும். முதலில் ஹார்ப்சிகார்ட் அல்லது வெர்ஜினல் வாசிப்பைத் தேர்ந்தெடுங்கள். பேர்டின் விசைப்பலகை இசை முழுவதையும் 7 சிடிக்களில் பதிவு செய்த டாவிட் மொரோனியின் வாசிப்பு நல்ல தொடக்கம். பிறகு கார்டன் ஜேக்கப்பின் பேண்ட் வடிவத்துக்குப் போகலாம்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில், கீழே ஓடும் அந்த இரண்டு சுரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. மேலே எவ்வளவு கலவரம் நடந்தாலும் அது நிற்காது.

அடுத்து, சத்தம் ‘பெரிதாகிறது’ என்று தோன்றும் இடத்தில் நிதானியுங்கள். பெரிதானது சத்தமா, சுரங்களின் எண்ணிக்கையா? பேர்டின் தந்திரம் அங்கேதான் பிடிபடும்.

கடைசியாக, அது என்ன மணி என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கல்யாணமா, துக்கமா, கொண்டாட்டமா? அவர் சொல்லவில்லை. அந்த முடிவை அரசாங்கமும் கோபுரமும் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கேட்பவரிடம் விட்டுவைத்தார்.

ஹெட்போனை மாட்டும் முன் ஒரே ஒரு வேலை பாக்கி. போனை சைலன்டில் போட்டுவிடுங்கள். ஐந்தாறு நிமிடத்துக்கு வேறெந்த மணியும் அடிக்க வேண்டாம்!